பூசாத சுவரும் பூசிய சுவரும்: 'றெட் ஹவுஸ்' பற்றிச் சில விமர்சனக் குறிப்புகள்

கூர்வளைவு ஒன்றைக் கண்டால் "இது எங்கட" என்று சொல்லிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஐரோப்பியக் கட்டடக்கலை முஸ்லிம் உலகிடம் பட்ட கடனைப் பற்றி டயானா டார்க் எழுதிய நூல் 2020 இல் வெளிவந்த பிறகு அந்தப் பேச்சுக்கு இன்னும் தெம்பு கூடியிருக்கிறது. பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. லண்டன் சென் போல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்தோபர் றென்னே, கோதிக் என்று சொல்லப்படுவதைச் 'சரசெனிக்' என்று அழைப்பதுதான் முறை என்று கருதியவர். அவருடைய குடும்பத்தார் 1750 இல் வெளியிட்ட தொகுப்பில் அது அச்சாகியிருக்கிறது. கெய்ரோவில் இப்னு துலூன் பள்ளிவாசல் 879 இல் கட்டி முடிந்தபோது அதன் முற்றத்தைச் சுற்றிலும் கூர்வளைவுகள் வரிசையாக நின்றன. பாரிஸுக்குப் பக்கத்தில் கோதிக் பாணியின் பிறப்பிடமாகச் சொல்லப்படும் சென் டெனி ஆலய வேலை தொடங்க அதற்குப் பிறகு 250 வருடங்களுக்கு மேல் ஆனது.

இவ்வளவும் சரி. ஆனால் அதோடு பேச்சு நின்றுபோகிறதே, அதுதான் என் மனக்குறை. கட்டடத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதன் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைத் தேடி ஓடுகிறோம். பத்திரம் கிடைத்ததும் கோப்பை மூடிவிடுகிறோம். அந்தக் கட்டடம் நல்லதா, கெட்டதா, அதற்குள் மனிதர்கள் எப்படி இருந்தார்கள் என்பதெல்லாம் யாருக்கும் தேவைப்படுவதில்லை.

கூர்வளைவும் செங்கல்லும் நிறைந்த ஓர் ஆங்கில வீட்டை வைத்து இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். லண்டனின் தென்கிழக்குப் பக்கம், பெக்ஸ்லிஹீத்தில் இருக்கும் 'றெட் ஹவுஸ்' அந்த வீடு. 1859 இல் அது கட்டத் தொடங்கப்பட்டபோது அந்த இடம் கென்ற் பகுதியைச் சேர்ந்த பழத்தோட்டப் பூமி. கட்டச் சொன்னவர் வில்லியம் மொறிஸ். வயது 25, அந்த ஏப்ரலில்தான் ஜேன் பேர்டனைத் திருமணம் செய்திருந்தார். வரைந்தவர் அவருடைய நண்பர் பிலிப் வெப், 28 வயது. தனியாக ஏற்றுக்கொண்ட முதல் வேலை அவருக்கு இது. இருவரும் ஒக்ஸ்போர்டில் ஜோர்ஜ் எட்மண்ட் ஸ்ட்றீட் என்ற கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் பழகியவர்கள். 1860 நடுப்பகுதியில் குடிபுகுந்தார்கள். செலவு 4,000 பவுண் அளவில்.

தரையமைப்பைப் பார்த்தால் ஆங்கில 'எல்' எழுத்துப்போல் மடங்கிய இரண்டு மாடி வீடு. செங்குத்தான கூரை, சிவப்பு ஓடு, உயர்ந்த செங்கல் புகைபோக்கிகள். மடங்கும் உள்மூலையில் ஒரு முற்றம். முற்றத்தில் ஒரு கிணறு. கிணற்றுக்கு மேல் கூம்பு வடிவத்தில் ஓடு வேய்ந்த தொப்பி. இருந்த பழமரங்களை முடிந்தவரை வெட்டாமல் அவற்றுக்கிடையில் வீட்டைச் செருகியிருக்கிறார் வெப். அப்பிள் பழம் யன்னல் வழியாக அறைக்குள் விழும் அளவுக்கு மரங்கள் நெருக்கமாக இருந்தன என்பார்கள். காற்றுத் திசைகாட்டித் தகட்டில் மொறிஸின் பெயரெழுத்துகளும் 1859 என்ற ஆண்டும் வெட்டப்பட்டிருக்கின்றன. அலங்காரம் என்று வெளியில் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

மிச்சமெல்லாம் செங்கல். பூசாத, வெள்ளையடிக்காத வெறுஞ் சிவப்புச் செங்கல்.

அந்தக் காலத்து ஆங்கில வாசகர் ஒருவருக்கு அது ஏன் துணிச்சலாகப் பட்டது என்பதை விளங்கிக்கொள்ள, செங்கல்லின் கணக்கு வழக்கைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். அமெரிக்கக் காலனிகளோடு நடந்த போரின் கடனை அடைப்பதற்காக 1784 இல் பிரித்தானிய அரசு செங்கல்லுக்கு வரி போட்டது. ஆயிரம் கல்லுக்கு இரண்டரை ஷில்லிங். எண்ணிக்கைக்குத்தான் வரி என்றதும் சூளைக்காரர்கள் கல்லைப் பெரிதாக அறுக்கத் தொடங்கினார்கள். பிறகு பெரிய கல்லுக்கு இரட்டிப்பு வரி வந்தது. மனிதன் எங்கும் மனிதன்தான். இந்த வரி நீங்கியது 1850 இல். யன்னல்களின் எண்ணிக்கைக்கு 1696 முதல் இருந்த வரி 1851 இல் நீங்கியது. கண்ணாடி வரி அதற்கும் முன்னரே, 1845 இல். ஆக, றெட் ஹவுஸின் முதல் வரிசைக் கல் வைக்கப்பட்டபோது சுவரும் யன்னலும் வரியிலிருந்து விடுபட்டுப் பத்து வருடங்கூட முழுதாக ஆகவில்லை. வீட்டுக்கு வீடு யன்னலை எண்ணி, அடைத்து, கணக்குப் பார்த்த தலைமுறையின் பிள்ளைகள் வெப்பும் மொறிஸும்.

இன்னொன்று, சாந்துப் பூச்சு. வசதிபடைத்தவர் வீடு கட்டினால் செங்கல்லின் மேல் சாந்து பூசி, அந்தச் சாந்தில் கோடு கீறி, கருங்கல் பாளங்களை அடுக்கிக் கட்டியதுபோல் காட்டுவது பத்தொன்பதாம் நூற்றாண்டு முற்பாதியின் லண்டன் பாணி. ஜோன் றஸ்கின் 1849 இல் எழுதிய கட்டடக்கலையின் ஏழு விளக்குகள் என்ற நூலில் இதைத்தான் பொய் என்று சாடினார். அவர் சொன்னதை நம்மவர்கள் பலர் தவறாக எடுத்துச் சொல்வதால் இங்கே நிறுத்திச் சொல்கிறேன். பூசுவது பொய் என்று றஸ்கின் சொல்லவில்லை. பூசிய சாந்தில் கோடு கீறி, கல் என்று நம்பவைப்பதுதான் பொய் என்றார். சாந்து சாந்தாகவே தெரிந்தால் அதில் ஏமாற்று ஒன்றும் கிடையாது. மொறிஸ் மாணவனாக இருந்தபோதே றஸ்கினைப் படித்து ஊறியவர். அந்தப் பேதத்தை அவரும் வெப்பும் எவ்வளவு கவனமாக எடுத்துக்கொண்டார்கள் என்பது வீட்டுக்குள் போனால்தான் தெரியும். அதற்குமுன் யன்னல்களிடம் ஒரு நிமிடம் நிற்போம்.

றெட் ஹவுஸின் யன்னல்கள் வரிசைக்குள் அடங்குவதில்லை. ஒரு பக்கம் நீளமாக, ஒரு பக்கம் குட்டையாக, மேல்மாடி நடைக்கூடத்தில் வட்டமாக. வெளியிலிருந்து பார்ப்பவனின் கண்ணுக்கு இணை சேர்க்கவேண்டும் என்ற கவலை வெப்புக்கு இல்லை. உள்ளே அறைக்கு எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே சுவரைத் திறந்திருக்கிறார். பல யன்னல்களுக்கு மேலே செங்கல்லில் கூர்வளைவு இருக்கிறது. ஆனால் அந்த வளைவின் வடிவத்துக்குக் கண்ணாடி வெட்டப்படவில்லை. வளைவு மேலிருக்கும் சுவரின் பாரத்தைத் தாங்கி இரண்டு பக்கமும் இறக்கிவிடுகிறது; அதன் கீழே, சின்னச் சின்னக் கண்ணாடிச் சதுரங்களோடு, மேலும் கீழும் தள்ளித் திறக்கும் சாதாரண வெள்ளை மர யன்னல். அது பதினெட்டாம் நூற்றாண்டு வீடுகளில் கண்ட சரக்கு. மத்தியகாலத்து வளைவின் கீழே பாட்டன் வீட்டு யன்னல்! கோதிக் பற்றாளர்கள் முகம் சுளிக்கக்கூடிய கலவை. என் பார்வையில் இந்த வீட்டின் மிகச் சிறந்த இடம் இதுதான். வளைவுக்கு ஒரு வேலை, யன்னலுக்கு ஒரு வேலை. ஒன்று மற்றதாக வேசம் போடவில்லை.

இனி உள்ளே. 'செங்கல்லின் நேர்மை' என்ற சுலோகத்தோடு வருபவர் முன்மண்டபத்திலேயே திகைப்பார். சுவர் பூசியிருக்கிறது. கூரையின் உட்புறம் பூசியிருக்கிறது. கணப்படுப்புகள் வெறுஞ் செங்கல்தான். வரவேற்பறையில் அது சுவரோடு சுவராக மேலே ஏறிக் கூரைவரை போகிறது. ஆனால் மற்ற இடங்களில் சாந்து. அந்தச் சாந்தில் ஒரு கூத்து நடந்திருக்கிறது: ஈரம் காயுமுன் கூரையின் உட்புறச் சாந்தில் சிறு துளைகளைக் குத்தி, கோல வடிவங்களை அடையாளப்படுத்திவிட்டார்கள். பிறகு அந்தப் புள்ளிகளைப் பின்தொடர்ந்து யாரும் நிறம் தீட்டலாம். வார இறுதிகளில் லண்டனிலிருந்து வந்த நண்பர்கள், ஓவியத்தில் கைதேர்ந்தவரும் தேராதவரும், ஏணியில் ஏறித் தீட்டினார்கள். அந்தத் துளைகள் இன்றும் தெரிகின்றன. சாந்து அங்கே கல்லாக நடிக்கவில்லை. ஈரமாக இருந்ததால் துளையை ஏற்றது, காய்ந்ததால் நிறத்தை ஏற்றது. சாந்து செய்யக்கூடிய வேலையை மட்டும் செய்தது.

அதனால்தான் 'நேர்மையான செங்கல் வீடு' என்ற பாராட்டு பாதி உண்மை என்கிறேன். வெளியே பூசாத சுவரும் உள்ளே பூசிய சுவரும் ஒரே கொள்கையிலிருந்து வந்தவை. முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் வெறுஞ் செங்கல்லை ஒரு பாணியாக்கிவிட்டார்கள். இன்று கொங்கிரீட் சட்டகத்தின்மேல் மெல்லிய செங்கல் தகட்டை ஒட்டி, பூசாத சுவர் என்று காட்டுகிறார்களே, அது றஸ்கின் திட்டிய கோட்டுச் சாந்தின் நேர்வாரிசு.

இந்த இடத்தில் இப்னு துலூன் பள்ளிக்குத் திரும்பிப் போகலாம். அதன் தூண்களும் வளைவுகளும் செங்கல்; ஆனால் செங்கல் தெரியாது. முழுக்கச் சாந்து பூசி, அந்தச் சாந்தில் கொடியும் இலையும் செதுக்கியிருக்கிறார்கள். அதற்குச் சில பத்தாண்டுகளுக்குப் பின் புகாராவில் சாமானிய அரசர்களுக்கு எழுந்த அடக்கத்தலமோ நேர் எதிர். அங்கே சாந்தே இல்லை. செங்கல்லைக் குறுக்கும் நெடுக்கும் சாய்த்தும் வைத்தே, பாய் பின்னியதுபோல் முழுச் சுவரையும் ஆக்கியிருக்கிறார்கள். இரண்டும் பொய் சொல்லவில்லை. நம் முன்னோர் இரண்டு வழியையும் அறிந்திருந்தார்கள். "எங்கட" என்று சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? ஆனால் அதைச் சொல்ல, வளைவின் வடிவத்தை மட்டும் பார்த்தால் போதாது. சாந்தையும் தொட்டுப் பார்க்கவேண்டும்.

வரலாற்று நூல்களில் இந்த வீட்டுக்கு இன்னொரு பட்டம் உண்டு: நவீன வீடுகளின் முதல் வீடு. லண்டனில் ஜேர்மன் தூதரகத்தில் வேலை பார்த்த ஹேர்மான் முதேசியஸ், ஆங்கில வீடுகளைப் பற்றி 1904, 1905 இல் வெளியிட்ட மூன்று பாகப் பெருநூலில் இதற்கு அந்த இடத்தைக் கொடுத்தார். 1936 இல் நிக்கொலஸ் பெவ்ஸ்னர் தம் நூலில் நவீன இயக்கத்தின் தொடக்கத்தை மொறிஸிடம் வைத்தார். அதற்குப் பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதுதான் அதிகம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. வெப்பின் குருவான ஸ்ட்றீட்டும், வில்லியம் பட்டர்பீல்டும் 1850 களிலேயே நாட்டுப்புறப் பாதிரிமாருக்குக் கட்டிக்கொடுத்த வீடுகளில் இதே செங்கல், இதே செங்குத்துக் கூரை, உள்ளறைக்கு ஏற்ப அமைந்த இதே யன்னல்கள் இருக்கின்றன. வெப் செய்தது, பாதிரியாரின் வீட்டுக்கு இருந்த அடக்கத்தை ஒரு பணக்கார இளைஞனின் வீட்டுக்குக் கொண்டுவந்தது. அது சின்னக் காரியமல்ல. ஆனால் 'முதல்' என்ற சொல் அதை மறைத்துவிடுகிறது.

பணக்கார இளைஞன் என்றது சும்மா சொன்னதல்ல. மொறிஸின் தந்தை டெவன் பகுதியின் செப்புச் சுரங்கம் ஒன்றில் பங்கு வாங்கி வைத்திருந்தார். மகனுக்கு அதிலிருந்து ஆண்டுக்கு 900 பவுண் அளவில் வருமானம் வந்தது. கலை எல்லோருக்கும் உரியது என்று பிற்காலத்தில் மேடை மேடையாகப் பேசிய மனிதர், முதலில் கட்டிய வீடு சுரங்கத் தொழிலாளியின் உழைப்பில் நின்றது. இதை அவருக்கு எதிராக வீசவேண்டும் என்பதல்ல; அந்த முரண்பாட்டை அவரே பின்னாளில் உணர்ந்து சோசலிசத்தின் பக்கம் போனார். எனினும் செங்கல்லின் நேர்மையைப் பேசுகிறவர்கள் செங்கல்லுக்குக் கொடுத்த காசைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது.

வீட்டின் பெரிய குறை வேறு. முன்வாசல் வடக்குப் பார்த்தது. சாப்பாட்டறை, மேலே வரவேற்பறை என முக்கியமான அறைகள் வடக்குப் பக்கம். தெற்குப் பக்கத்து, முற்றத்தைப் பார்த்த பகுதியை நடைக்கூடம் எடுத்துக்கொண்டது. இலங்கையில் வெயிலுக்கு ஒளித்து வாழ்கிற நமக்கு இது நல்ல ஏற்பாடுபோல் தெரியும். இங்கிலாந்தில் வடக்குப் பக்கம் என்றால் குளிர்காலம் முழுக்க ஒரு துளி வெயிலும் எட்டிப் பார்க்காத பக்கம். பாரத்தை வளைவு எப்படித் தாங்கும் என்று அவ்வளவு நுட்பமாக யோசித்த வெப், சூரியனை யோசிக்கவில்லை. செங்கல்லுக்கு உண்மையாக இருந்த வீடு, அதில் குடியிருந்த உடம்புக்கு உண்மையாக இருக்கவில்லை.

அந்த உடம்புகளில் ஒன்று ஜேனுடையது. ஒக்ஸ்போர்டில் குதிரைலாயம் ஒன்றில் வேலை பார்த்தவரின் மகள். இரண்டு பெண் பிள்ளைகளையும், 1861 இலும் 1862 இலும், இந்த வீட்டில்தான் பெற்றார். றெட் ஹவுஸைப் பற்றிய நூல்களில் அவர் பெரும்பாலும் ஓவியர்களுக்கு முன்னால் அமர்ந்திருக்கும் அழகியாகத்தான் வருகிறார். ஆனால் வீட்டின் திரைச்சீலைகள் ஜேனின் கைவேலை. லண்டன் கடையொன்றில் நீலம் தோய்த்த முரட்டுக் கம்பளித் துணி ஒன்றைத் தற்செயலாகக் கண்டு வாங்கிவந்தவர் அவர். அதில் கொத்துக் கொத்தாக டெய்சிப் பூக்களை ஊசியால் ஏற்றி, படுக்கையறைச் சுவருக்குத் தொங்கவிட்டார்கள். பூசிய சுவருக்கும் பூசாத சுவருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று, துணி போர்த்திய சுவர். அந்தக் குளிரில் அதன் அருமை ஜேனுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும்.

வீட்டை நிரப்பக் கடையில் வாங்கக்கூடிய சாமான் ஒன்றும் மனதுக்குப் பிடிக்காததால் நண்பர்கள் தாங்களே செய்தார்கள். வெப் மேசையும் அலுமாரியும் வரைந்தார், எட்வேர்ட் பேர்ண்-ஜோன்ஸ் கண்ணாடிக்கும் சுவருக்கும் படம் வரைந்தார், றொசெற்றியும் வந்துபோனார். மொறிஸ் லண்டன் வாடகை அறையிலிருந்து கொண்டுவந்த பிரமாண்டமான மர வாங்கு வரவேற்பறையில் ஏறியது. இந்தக் கூட்டு வேலையிலிருந்துதான் 1861 இல் மொறிஸ், மார்ஷல், போக்னர் கம்பனி பிறந்தது. தோட்டத்தில் றோஜாக் கொடி படர்ந்த மரச்சட்டங்களைப் பார்த்து 1862 இல் மொறிஸ் வரைந்த சுவர்க் கடதாசிக் கோலத்தில் பறவைகளை வரைந்தவர் வெப். பறவை வரைய மொறிஸுக்குத் தன் கையில் நம்பிக்கை இருக்கவில்லை.

பேர்ண்-ஜோன்ஸ் குடும்பத்துக்காக மறுபக்கம் ஒரு கட்டு எழுப்பி, முற்றத்தைச் சுற்றிவளைத்து, இரண்டு குடும்பங்கள் ஒன்றாக வாழ்வது என்பது திட்டம். 1864 இல் அதற்கு வெப் வரைபடமும் போட்டார். அதே வருடம் பேர்ண்-ஜோன்ஸ் வீட்டில் காய்ச்சல் புகுந்து, பிறந்த குழந்தை இறந்தது. மொறிஸ் வாதக் காய்ச்சலில் விழுந்தார். ரயிலில் தினமும் லண்டன் போய்வருவது முடியாத காரியமானது. செப்புச் சுரங்க வருமானமும் இறங்கத் தொடங்கியது. 1865 இல் குடும்பம் லண்டன் குயீன் சதுக்கத்துக்குப் போய், கம்பனியின் வேலைத்தலம் இருந்த கட்டடத்திலேயே மேலே குடியேறியது. கடைக்கு மேல் வீடு என்ற கதைதான். இவ்வளவு பேசப்படும் வீட்டில் அவர்கள் வாழ்ந்தது ஐந்து வருடம். அதைத் திரும்பப் பார்க்க மனம் தாங்காது என்று மொறிஸ் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

2013 இல் வீட்டின் பிரதான படுக்கையறையில், அலுமாரி ஒன்றுக்குப் பின்னால் மறைந்திருந்த சுவரோவியத்தைச் சுத்தம் செய்து வெளிக்கொண்டுவந்தார்கள். திரைச்சீலையில் நிற்பதுபோல் வரிசையாக உருவங்கள். ஆதமும் ஹவ்வாவும், கையில் சின்னக் கப்பலோடு நூஹ், ஏணியோடு யஃகூப், றாகேல். நபிமாரை உருவமாக வரைவது நமக்கு ஒப்பாத காரியம், அதை ஒளிக்கத் தேவையில்லை. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு: துணி வாங்க வசதியில்லாதவன் சுவரில் துணியை வரைந்துகொள்வதுபோல், சாந்தில் மடிப்போடு ஒரு திரைச்சீலையைத் தீட்டியிருக்கிறார்கள். பொய் சொல்லாத வீட்டின் படுக்கையறையில் ஒரு பொய்த் திரை! நண்பர்கள் சேர்ந்து விளையாட்டாகச் செய்த வேலையாக இருக்கலாம். கொள்கையைத் தலையில் சுமந்துகொண்டு அவர்கள் அங்கே வாழவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இந்த ஓர் ஓவியத்துக்காகவே எனக்கு இந்த வீட்டின்மேல் பிரியம் கூடியது.

இனி, "எங்கட" விவகாரம். றெட் ஹவுஸின் வளைவை வெப் கெய்ரோவிலிருந்து எடுக்கவில்லை. ஆங்கில நாட்டுப்புறத் தேவாலயங்களிலிருந்தும் ஸ்ட்றீட்டின் அலுவலகத்திலிருந்தும் எடுத்தார். அதற்கு அப்பால் அந்த வடிவம் எந்தக் கடல் தாண்டி வந்தது என்பது வெப்பின் மனதில் இருந்த கேள்வியல்ல. 'எங்கட' சாமான் உள்ள லண்டன் செங்கல் வீட்டைப் பார்க்க ஆசை என்றால் கென்சிங்டனில் ஓவியர் பிரெடெரிக் லெய்ற்றனின் வீட்டுக்குப் போகவேண்டும். 1860 களில் ஜோர்ஜ் எய்ச்சிசன் கட்டிய சிவப்புச் செங்கல் வீடு அது. 1877 முதல் 1881 வரை அதில் ஓர் அரபு மண்டபம் சேர்க்கப்பட்டது. டமஸ்கஸிலிருந்து கொண்டுவந்த பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டு ஓடுகள் அங்கே சுவரில் பதிந்திருக்கின்றன. சூறா அர்-றஹ்மானின் தொடக்க வசனங்கள் வாசலுக்கு மேலே நீல ஓட்டில் இருக்கின்றன. அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு சுவரிலிருந்து பெயர்த்து இன்னொரு சுவரில் ஒட்டியதைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியைவிட இழப்புத்தான் தோன்றுகிறது.

மொறிஸ் பட்ட கடன் இந்த வகையல்ல. பாரசீகக் கம்பளங்களை அவர் ஆசிரியரிடம் படிப்பதுபோல் படித்தார். 1893 இல் அர்தபீல் கம்பளம் லண்டனில் விற்பனைக்கு வந்தபோது, சௌத் கென்சிங்டன் நூதனசாலை அவரிடம் கருத்துக் கேட்டது. வாங்கியே ஆகவேண்டும் என்று அவர் வற்புறுத்தி எழுதினார். 2,000 பவுண் கொடுத்து வாங்கினார்கள். பத்து மீற்றருக்கு மேல் நீளம். ஒரு முனையில் காஷானைச் சேர்ந்த மக்ஸூதின் பெயரும் ஹிஜ்ரி 946 என்ற ஆண்டும் நெய்யப்பட்டிருக்கின்றன. கோலத்தில் ஒவ்வொரு கொடியும் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போகிறது என்று தெளிவாக இருக்கவேண்டும் என்பது மொறிஸ் தன் வேலையில் பிடிவாதமாக வைத்திருந்த விதி. தோட்டத்து றோஜாச் சட்டத்தைப் பார்த்து வரைந்த அந்த முதல் கோலம் கட்டம் கட்டமாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. இருபது வருடம் கழித்து அவர் வரைந்தவற்றில் கொடி வளைந்து, தன்னையே பின்னி, மூச்சுவிடுகிறது. அந்த வளர்ச்சியில் காஷான் நெசவாளியின் பங்கை மொறிஸ் மறைக்கவில்லை. எடுத்ததைச் சொல்லி எடுத்தார்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு இழை உண்டு. 1877 இல் மொறிஸும் வெப்பும் சேர்ந்து புராதனக் கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கத்தைத் தொடங்கினார்கள். பழைய தேவாலயங்களைச் சுரண்டிப் புதிதாக்குகிறோம் என்று அழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு எதிரான சங்கம் அது. அதே 1877 இல் கொழும்பில் பிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. மொறிஸின் சிந்தனையில் தோய்ந்த அவர், கண்டிப் பிரதேசத்துப் பிரதானிகளுக்கு 1905 இல் எழுதிய பகிரங்கக் கடிதத்தில், பழைய கட்டடங்களும் கைவினைகளும் கவனிப்பாரற்றுப் போவதைக் கண்டித்தார். மொறிஸ் 1896 இல் இறந்த பிறகு அவருடைய கெல்ம்ஸ்கொட் அச்சகத்தின் இயந்திரங்களை சி.ஆர். அஷ்பி வாங்கினார். மொறிஸ் தமது சோசர் பதிப்பை அச்சிட்ட கை அச்சியந்திரத்தில்தான் 1908 இல் குமாரசுவாமியின் மத்தியகாலச் சிங்களக் கலை நூல் அச்சானது. வடக்குப் பார்த்த ஒரு செங்கல் வீட்டில் தொடங்கிய யோசனை கண்டி மலைநாடு வரை வந்து சேர்ந்த வழி இது.

ஊர் ஊராகப் பழைய பள்ளிவாசல்களைத் தரைமட்டமாக்கி, எங்கோ பார்த்த கும்பத்தைக் கொங்கிரீட்டில் வார்த்து, பளிங்குபோல் தெரியும் டைல்ஸ் ஒட்டுகிறோமே, அதைப் பற்றி அந்த இருவரிடமும் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். சாந்து சாந்தாக இருந்த நம் பழைய பள்ளிச் சுவர்களில் சுண்ணாம்பு ஒரு விரல் கனத்துக்கு இருந்தது. வருடா வருடம் நோன்புக்கு முன் அடித்த வெள்ளையின் அடுக்கு அது. அதைச் சுரண்டி எறிந்த கையோடு வந்து, கூர்வளைவுக்கு உரிமை கொண்டாடுவது எனக்கு விளங்கவில்லை.

றெட் ஹவுஸ் பல கை மாறியது. 1952 இல் கட்டடக்கலைஞர் எட்வேர்ட் ஹொலம்பியும் மனைவி டொறிஸும் நண்பர்களோடு சேர்ந்து வாங்கி, அரை நூற்றாண்டு அதில் வாழ்ந்து பேணினார்கள். 2003 இல் நஷனல் ட்ரஸ்ட் பொறுப்பேற்றது. பழத்தோட்டத்தைச் சுற்றி இப்போது புறநகர் வீடுகள். பார்க்க வருபவர்கள் வடக்கு வாசலால் நுழைந்து குளிர்ந்த அறைகளைச் சுற்றிவிட்டு மேல்மாடி நடைக்கூடத்துக்கு வரும்போது, கிணற்று முற்றத்தைப் பார்த்த அந்த வட்ட யன்னல்களில்தான் வெயில் இருக்கிறது.